'நான் எம்மாத்திரம்?': முதல் பிரசங்கத்துக்கு முந்தின ஒரு வாரம்

ஒரு சேகரத்துக்கு, அதாவது பல ஊர்ச் சபைகள் சேர்ந்த ஒரு வட்டத்துக்கு, ஆயர் ஒருவர்தான். ஆலயங்களோ ஐந்தாறு இருக்கும். ஞாயிறு காலையில் அவர் ஓர் ஊரில் திருவிருந்து நடத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் மற்ற ஊர்களில் ஆராதனை நின்றுபோவதில்லை. சபை ஊழியர் நடத்துவார். அவரும் இல்லாத இடத்தில் ஒரு பள்ளி ஆசிரியரோ, மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவரோ, ஓய்வுநாள் பாடசாலை அக்காவோ நடத்துவார்கள். நம் தென்னிந்தியத் திருச்சபையில் கிராமத்துச் சபைகள் நடப்பதே இப்படித்தான். ஆகவே என்றாவது ஒருநாள் ஆராதனை முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது ஆயர் பக்கத்தில் வந்து, "தம்பி, வர்ற ஞாயித்துக்கிழமை நீங்க செய்தி குடுத்துருங்க" என்று சொல்லிவிடுவார்.

கேட்டவருக்கு அன்று மதியம் சோறு இறங்காது. வேதாகமக் கல்லூரிக்குப் போனோமா, பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்காவது பெயர் கொடுத்தோமா என்று மனம் ஓடும். முந்தின நாள் வீட்டில் போட்ட சண்டை நினைவுக்கு வரும். முன்வரிசையில் உட்காருகிற பெரியவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்துபோகும்.

மாட்டேன் என்று சொல்ல மனமில்லாமலும், சரி என்று சொல்லத் தைரியமில்லாமலும் நிற்கிற அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். தைரியம் சொல்ல நிறையப் பேர் இருப்பார்கள். "உங்களால முடியும், சும்மா பேசுங்க" என்பார்கள். மோசேயிடம் தேவன் அப்படிச் சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு. அதை நம்புகிற ஒருவர் திங்கட்கிழமை காலையில் எழுந்து என்ன செய்ய வேண்டும் என்பதை விவரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

யாத்திராகமம் 3, 4 அதிகாரங்களைச் சேர்த்து ஒரே மூச்சில் வாசியுங்கள். பத்து நிமிடம் ஆகும். மீதியானில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த 80 வயதுக்காரரான மோசே, எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேல் ஜனத்தை அழைத்துவரத் தன்னை அனுப்ப வேண்டாம் என்று ஐந்து முறை சொல்லுகிறார். முதலில், "நான் எம்மாத்திரம்" (3:11). பிறகு, உம்முடைய நாமம் என்ன என்று ஜனங்கள் கேட்டால் என்ன சொல்லட்டும் என்கிறார். அதாவது, எனக்கு விஷயம் தெரியாது. மூன்றாவது, அவர்கள் என்னை நம்பமாட்டார்கள். நான்காவது, நான் வாக்குவல்லவன் அல்ல, திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன். கடைசியில் காரணம் எதுவும் கையில் இல்லாமல், வேறு யாரையாவது அனுப்பும் என்கிறார்.

இந்த ஐந்தையும் தேவன் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. நான் எம்மாத்திரம் என்ற கேள்விக்கு, நீ யார் தெரியுமா, பார்வோனின் அரமனையில் வளர்ந்தவன் அல்லவா என்று அவர் பதில் சொல்லியிருக்கலாம். மோசேயைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், "நான் உன்னோடே இருப்பேன்" என்கிறார். கூடவே ஓர் அடையாளமும் கொடுக்கிறார்: ஜனத்தை அழைத்துவந்த பின்பு இதே மலையில் ஆராதனை செய்வீர்கள். கவனியுங்கள், அடையாளம் வேலை முடிந்த பின்புதான் வருகிறது. முன்கூட்டியே நிச்சயம் வேண்டும், அப்புறம்தான் கிளம்புவேன் என்கிறவருக்கு இந்த வசனம் இடம் கொடுக்கவில்லை.

விஷயம் தெரியாது என்றபோது நீளமாகக் கற்றுக்கொடுக்கிறார். 3:14 தொடங்கி அதிகாரம் முடியும்வரை யாரிடம் போக வேண்டும், என்ன சொல்ல வேண்டும், அவர்கள் என்ன பதில் சொல்லுவார்கள் என்று வரிசையாக வருகிறது. நம்பமாட்டார்கள் என்றபோது, "உன் கையிலிருக்கிறது என்ன" என்று கேட்டு, அந்த மேய்ப்பன் கோலையே எடுத்துக்கொள்ளுகிறார். திக்குவாய் என்றபோது, வாயை உண்டாக்கினவர் யார் என்று கேட்டு, "நான் உன் வாயோடே இருந்து, நீ பேசவேண்டியதை உனக்குப் போதிப்பேன்" என்கிறார். திக்குவாயைச் சுகமாக்குவதாக அவர் எங்கும் சொல்லவில்லை. பிரசங்கிக்கப் பயப்படுகிற பலர் இந்த இடத்தைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். பயம் போன பிறகு பேசலாம் என்று காத்திருக்கிறவர் மோசேக்குக் கிடைக்காத ஒன்றுக்காகக் காத்திருக்கிறார்.

நான்கு தடவையும் தேவனுக்குக் கோபம் வரவில்லை என்பதையும் பாருங்கள். ஐந்தாவதில்தான் வருகிறது. குறைகளைச் சொன்னதற்காக அவர் கோபப்படவில்லை. எல்லாக் குறைகளுக்கும் பதில் கிடைத்த பின்பும் போகமாட்டேன் என்றதற்குத்தான் கோபம். அந்தக் கோபத்திலும், உன் சகோதரன் ஆரோன் உன்னைச் சந்திக்கப் புறப்பட்டு வருகிறான் என்று சொல்லுகிறார். மோசே மறுத்துப் பேசி முடிக்கும் முன்பே உதவி வழியில் இருந்திருக்கிறது.

ஆரோன் நன்றாய்ப் பேசுகிறவர். 4:14இல் தேவனே அதைச் சொல்லுகிறார். அதே ஆரோன்தான் 32ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் கூடிவந்து கேட்டதும் பொன் கன்றுக்குட்டியைச் செய்துகொடுத்தார். பேச்சு வராதவர் மலையின்மேல் தேவனோடே இருந்தார். பேச்சு வருகிறவர் கூட்டம் கேட்டதைக் கொடுத்தார். சரளமாகப் பேசுகிறவரைப் பார்த்து ஏங்குகிறவர்கள் இந்த இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசிப்பது நல்லது. கிதியோனுக்கும் எரேமியாவுக்கும் கிடைத்த பதிலும் இதேதான். என் குடும்பம் மிகவும் எளியது என்றவருக்கும், சிறுபிள்ளையாயிருக்கிறேன் என்றவருக்கும், உன்னோடே இருப்பேன், உன்னுடனே இருக்கிறேன் என்றுதான் சொல்லப்பட்டது.

ஆகவே முதல் வேலை, உங்கள் மறுப்புகளை மோசேயைப் போலப் பெயர் சொல்லித் தேவனிடம் வைப்பது. "ஆண்டவரே, நான் தகுதியற்றவன்" என்று மொத்தமாகச் சொல்லும் ஜெபம் தாழ்மையாகக் கேட்கும், ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். 'எபிரெயர் நிருபத்தில் இந்தப் பகுதி எனக்குப் புரியவில்லை.' 'என் தம்பியோடு ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை.' 'முன்வரிசையில் என் பழைய கணக்கு வாத்தியார் உட்கார்ந்திருப்பார்.' மூன்றும் நெஞ்சில் ஒரே கனமாகத்தான் உட்கார்ந்திருக்கும். தாளில் எழுதிப் பார்த்தால் மூன்றும் மூன்று வகை.

முதலாவது அறியாமை. அதற்கு மருந்து படிப்பதும் கேட்பதும்தான். ஆயருக்கு ஒரு போன் போட்டால் பாதி தீர்ந்துவிடும். இரண்டாவதற்கு ஆறுதல் வசனம் தேடக்கூடாது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடே ஒப்புரவாகு என்று மத்தேயு 5:24 சொல்லுகிறது. புதன்கிழமைக்குள் தம்பி வீட்டுக்குப் போய் வர வேண்டும். அவர் கதவைத் திறக்காவிட்டாலும் போனது போனதுதான். மூன்றாவதற்குச் செய்ய ஒன்றுமில்லை. வாத்தியார் அங்கேதான் இருப்பார். அந்தக் கூச்சத்தை அப்படியே எடுத்துக்கொண்டு மேடை ஏற வேண்டியதுதான். 'நான் உன்னோடே இருப்பேன்' என்ற வாக்கு முழுப் பாரத்தையும் தாங்குகிற இடம் இந்த மூன்றாவது வகைதான். முதல் இரண்டையும் செய்யாமல் விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் அந்த வாக்கைப் பிடித்துக்கொள்வதை விசுவாசம் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

பழைய வாழ்க்கையை நினைத்துப் பின்வாங்குகிறவர்களும் உண்டு. ஊருக்கெல்லாம் தெரிந்த கதை, எந்த முகத்தோடு பிரசங்க பீடத்தில் நிற்பது என்பார்கள். பாளையங்கோட்டைச் சபையின் தொடக்கத்தை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். குளோரிந்தா என்ற பிராமண விதவை ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவர். அந்த நிலையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் சம்மதிக்கவில்லை. அந்த அதிகாரி இறந்த பின்பு, 1778இல் ஞானஸ்நானம் கொடுத்தார். 1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பட்டியலில் 40 பேர் இருந்தார்கள். 1785இல் அங்கே எழும்பிய ஆலயம் குளோரிந்தாவின் முயற்சியால் கட்டப்பட்டது. அந்தச் சபைக்கு அப்போது உள்ளூரில் குடியிருக்கிற குருவானவர் கிடையாது. திருநெல்வேலித் திருச்சபை ஊர் பேசிய ஒரு பெண்ணின் உழைப்பில் வேரூன்றியது. விட்டுவிட்ட பாவம் தடையாக நிற்க வேண்டியதில்லை. விட மனமில்லாமல் ஒளித்துவைத்திருக்கிற பாவம் வேறு. அதை வைத்துக்கொண்டு மேடை ஏறக்கூடாது.

சரி என்று சொல்லக்கூடாத வேளைகளும் இருக்கின்றன. வீட்டில் துக்கம் நடந்து நாட்கள் ஆகவில்லை என்றால் மறுக்கலாம். சபைத் தேர்தல் நெருங்குகிறது, ஒரு தரப்பு உங்கள் வாயால் இன்னொரு தரப்பைக் குத்த நினைக்கிறது என்று தெரிந்தாலும் மறுக்க வேண்டும். ஆனால் மறுப்பைத் திங்கட்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை இரவு பத்து மணிக்குச் "சுகமில்லை ஐயா" என்பது ஆயரை மட்டுமல்ல, ஒரு சபையையே தவிக்கவிடுவது. மறுக்கும்போது சிறிய பொறுப்பு ஒன்றை ஏற்றுக்கொள்ளலாம்: வேதபாடம் வாசிக்கிறேன், பொது மன்றாட்டு நடத்துகிறேன் என்று.

ஏற்றுக்கொண்டவர் ஆயரிடம் உடனே மூன்று விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஞாயிறுக்குரிய பாடங்கள் எவை, எத்தனை நிமிடம், ஆராதனையை நடத்துகிறவர் யார். பாடங்கள் அல்மனாக்கில், அதாவது சபை நாட்காட்டியில், இருக்கும்: பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம், கூடவே ஒரு சங்கீதம். முதல் தடவை பேசுகிறவர் சுவிசேஷப் பாடத்தை எடுத்துக்கொள்வதே நல்லது என்பது என் அபிப்பிராயம். அதில் ஆட்கள் இருப்பார்கள், இடம் இருக்கும், ஒரு சம்பவம் நடக்கும்; பேச்சு தடுமாறினாலும் சம்பவம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். நிருபத்தில் வாதம் ஒன்றோடொன்று கோத்திருக்கும். ஒரு கண்ணி நழுவினால் மொத்தமும் நழுவும்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பாடத்தை மட்டும் வாசியுங்கள். வாய்விட்டு, மூன்று தடவை. முந்தின அதிகாரத்தையும் பிந்தின அதிகாரத்தையும் சேர்த்து. யார் பேசுகிறார், யாரிடம், எங்கே, எது எனக்கு உறுத்துகிறது என்று நோட்டில் எழுதுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் புரியாத வசனத்தைப் பொது மொழிபெயர்ப்பில் பார்த்தால் வாக்கியம் தெளியும். யூடியூபை இந்த இரண்டு நாள் திறக்கவே வேண்டாம். அதே வசனத்தின்மேல் பேர்பெற்ற ஒருவர் பேசியதைக் கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு உங்கள் கண்ணுக்கு அவர் பார்த்தது மட்டும்தான் தெரியும். தகுதியில்லை என்ற எண்ணமும் அங்கேதான் வளருகிறது. அவருக்குப் பின்னால் முப்பது வருஷ ஊழியம் இருக்கிறது. உங்கள் கையில் ஆறு நாள்தான்.

புதன்கிழமை ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். சபை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டியது இது என்று, பதினைந்து சொல்லுக்குள். அது கிடைக்கவில்லை என்றால் இன்னும் பாடம் பிடிபடவில்லை என்று பொருள். எழுத உட்காராமல் மறுபடி வாசியுங்கள். முதல் பிரசங்கங்கள் பெரும்பாலும் தோற்பது இந்த வாக்கியம் இல்லாததால்தான். பயத்தில் மனிதர் நிறையச் சேகரிக்கிறார்: நான்கு தலைப்பு, பதினாறு வசனம், இரண்டு மிஷனரி சம்பவம். போதாமல் போய்விடுமோ என்கிற எண்ணமே அந்தக் குவியலுக்குக் காரணம். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் இவ்வளவு பேருக்கு எம்மாத்திரம் என்று கேட்ட அந்திரேயாவும் இதே கணக்கைத்தான் போட்டார். பெருக்குவது நம் வேலை அல்ல. இருப்பதைக் கொண்டுவந்து கொடுப்பது நம் வேலை.

வியாழக்கிழமை முழுவதையும் எழுதிவிடுங்கள். குறிப்பு மட்டும் போதும் என்பது அனுபவசாலிகளுக்கு. 20 நிமிடம் என்று ஆயர் சொல்லியிருந்தால், தொடக்கத்துக்கு இரண்டு நிமிடம், பாடத்தை விளக்கப் பத்து, அது நம் வீட்டிலும் வயலிலும் ஆபீசிலும் எங்கே வந்து தொடுகிறது என்று சொல்ல ஆறு, முடிக்க இரண்டு என்று பிரித்துக்கொள்ளலாம். எத்தனை பக்கம் எழுத வேண்டும் என்பதற்கு ஒரு வழி: ஒரு பக்கம் எழுதியதும் எழுந்து நின்று, மேடையில் பேசுகிற வேகத்தில் வாசித்து, போனில் நேரம் பாருங்கள். உட்கார்ந்து மனதுக்குள் வாசித்தால் கணக்கு தப்பும். வெளியிலிருந்து எடுக்கிற ஒத்த வசனம் மூன்றைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு வசனத்துக்கும் சபை பக்கம் திருப்பித் தேடி முடிக்க அரை நிமிடம் போகும். பத்து வசனம் என்றால் ஐந்து நிமிடம் தாள் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

எழுதும்போது மூன்று பேரை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசையில் தூணோரம் உட்காருகிற விதவைத் தாயார், பத்தாம் வகுப்பு எழுதப்போகிற பையன், குழுக் கடனுக்கு இந்த வாரத் தவணை கட்ட வேண்டிய அம்மா. அவர்கள் மூவரும் ஒரு பத்தியைக் கேட்டு எதுவும் பெறமாட்டார்கள் என்றால் அந்தப் பத்தியை வெள்ளிக்கிழமை வெட்டிவிடலாம். இந்த வேலை செய்கிறபோது ஒரு மாற்றம் நடக்கும். கவலை உங்களை விட்டு அவர்கள்மேல் போகும். நான் எப்படிப் பேசுவேன் என்பது அந்த அம்மாவுக்கு என்ன கிடைக்கும் என்று மாறுவது, என் பார்வையில், வாரத்தின் மிக முக்கியமான நகர்வு.

இவ்வளவு தயாரிப்பு எதற்கு, என்ன பேசுவோம் என்று கவலைப்படாதிருங்கள் என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறாரே என்று கேட்பவர்கள் உண்டு. மத்தேயு 10:19ஐ முழுவதும் வாசியுங்கள். அவர்கள் உங்களை ஒப்புக்கொடுக்கும்போது என்று தொடங்குகிறது அந்த வசனம். பிடித்துக்கொண்டுபோய் அதிபதிகளுக்கு முன்பாக நிறுத்தப்படுகிறவனுக்கான வாக்குத்தத்தம் அது. ஆறு நாள் முன்னால் தெரிந்த ஞாயிறு பிரசங்கத்துக்கு அதை எடுத்துப் போர்த்திக்கொள்ளக்கூடாது. ஆவியானவர் மேடையில் மட்டும் பேசுகிறவர் அல்ல. வியாழக்கிழமை இரவு சமையற்கட்டு மேசையில் எழுதிக்கொண்டிருக்கும்போதும் அவர் அங்கே இருக்கிறார்.

தரங்கம்பாடியை நினைத்துப்பாருங்கள். மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்க் 1706 ஜூலை 9ஆம் தேதி, டேனிஷ்காரர்கள் ஆண்ட அந்த ஊரில் வந்து இறங்கினார். அப்போது 24 வயது நிரம்ப ஒரு நாள் குறைவு. ஜெர்மனியில் உடல்நலக் குறைவால் படிப்பே தடைப்பட்டவர். தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது. அவர் செய்தது, ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரை அழைத்து, சிறுபிள்ளைகளோடு மணலில் விரலை வைத்து எழுத்துப் பழகியதுதான். தேவன் அனுப்பினார் என்று உறுதியாக நம்பினவர் அ, ஆ எழுதினார். இடையில் தரங்கம்பாடி டேனிஷ் அதிகாரிகளே அவரை நான்கு மாதம் சிறையில் வைத்தார்கள். 1711இல் புதிய ஏற்பாட்டுத் தமிழாக்கத்தை முடித்தார்; 1715க்குள் அது அச்சாகி வந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம்வரை வந்தபோது, 1719இல், 36 வயதில் இறந்துபோனார். அந்தத் தமிழ் குறையுள்ளதுதான். பின்னால் பப்ரிசியுஸ் ஐயரும், ரேனியுஸ் ஐயரும், 1871இல் பவர் ஐயரின் குழுவும் திரும்பத் திரும்பத் திருத்தினார்கள். அத்தனைத் திருத்தமும் செய்ய வேண்டியிருந்த அந்த முதல் தமிழாக்கம் இல்லாமல் திருத்துவதற்கு எதுவும் இருந்திருக்காது. முதல் பிரசங்கம் குறையுள்ளதாகத்தான் இருக்கும், குறையோடு கொடுக்கலாம்.

சனிக்கிழமை புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். நின்றுகொண்டு இரண்டு தடவை சத்தமாக வாசியுங்கள். நேரம் மீறினால் நடுவிலிருந்து குறையுங்கள்; முடிவில் கை வைத்தால் பேச்சு அந்தரத்தில் நிற்கும். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். பாடத்தில் வருகிற பெயர்களை, மேவிபோசேத், நேபுகாத்நேச்சார் போன்றவற்றை, தனியாகப் பத்துத் தடவை சொல்லிப்பாருங்கள். இறுதிப் பிரதியைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், பெரிய எழுத்தில், மேல் மூலையில் பக்க எண் போட்டு எழுதுங்கள். ஒரு கிளிப்பும் எடுத்துக்கொள்ளுங்கள்: பிரசங்க பீடத்துக்கு நேர்மேலே மின்விசிறி இருக்கும், முதல் பக்கம் முடியும்போது மூன்றாம் பக்கம் பாடகர் குழுவின் காலடியில் கிடக்கும். பிறகு தூங்கப் போங்கள்.

ஞாயிறு காலை ஆராதனைக்கு அரைமணி நேரம் முன்னால் ஆலயத்துக்குப் போய் மேடையில் ஏறி நின்று பாருங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், மோவாய்க்கு நேராக இருக்கட்டும். பக்கத்தில் வைத்தால் 'ப' வருகிற இடமெல்லாம் வெடிக்கும். ஸ்பீக்கரைப் பார்த்தமாதிரித் திருப்பினால் கீச்சிடும். வேதாகமத்தில் அடையாளத் தாள்கள், மூக்குக்கண்ணாடி, ஒரு டம்ளர் தண்ணீர். கைநடுக்கமும் வாய் உலர்வதும் விசுவாசக் குறைவின் அறிகுறி அல்ல. உடம்பு அப்படித்தான் வேலை செய்யும். முதல் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு அடங்கும். பிரசங்கத்துக்கு முந்தின பாமாலை பாடும்போது நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். மனப்பாடம் செய்த இரண்டு வாக்கியம் அந்த முதல் நிமிடத்துக்காகத்தான். கரண்ட் போய்விட்டால் நிறுத்துங்கள். கடைசி வரிசையைப் பார்த்து, மெதுவாக, உரக்கத் தொடருங்கள்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்லுகிறேன்: மன்னிப்புக் கேட்டுத் தொடங்காதீர்கள். "நான் தகுதியற்றவன், ஐயா திடீரென்று சொல்லிவிட்டார்கள், தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்குவது நம் சபைகளில் ஒரு வழக்கமாகிவிட்டது. அதைக் கேட்டதும் சபை வசனத்தை விட்டு உங்களைப் பார்க்கத் தொடங்குகிறது. தவறு எங்கே வரும் என்று காத்திருக்கவும் தொடங்குகிறது. தகுதியைப்பற்றிய பேச்சு தேவனோடு தனியறையில் நடந்து முடிந்துவிட்டது. மேடையில் பாடத்தைத் திறந்து, நேராக உள்ளே போங்கள். இதற்கு நேர்மாறான தவறு, கன்வென்ஷன் பிரசங்கியாரின் குரலை வாங்கிக்கொள்வது. அடுத்த வரி மறந்த இடத்திலெல்லாம் "அல்லேலூயா சொல்லுங்க" என்று சபையைக் கேட்பது வெறுமையை மறைக்கும் வேலை. மறந்துவிட்டால் தாளைப் பாருங்கள். ஐந்து விநாடி அமைதி உங்களுக்குத்தான் நீளம், கேட்கிறவர்களுக்கு மூச்சுவிடும் நேரம்.

ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கிறவர்கள் "செய்தி ஆசீர்வாதமா இருந்துச்சு" என்பார்கள். நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அதை வைத்து எதையும் அளக்காதீர்கள். யாரும் ஒன்றும் சொல்லாமல் போனாலும் அப்படியே. யாத்திராகமம் 6:9இல் மோசே சொன்னதை ஜனங்கள் கேட்கவில்லை. மனமடிவினாலும் கொடுமையான வேலையினாலும் என்று காரணமும் எழுதியிருக்கிறது. பேசினவர் சரியில்லை என்று எழுதவில்லை. வாரம் முழுவதும் கல் சுமந்துவிட்டு வந்து உட்காருகிறவர் கண்ணயர்ந்தால் அதை உங்கள் தோல்வியாக எழுதிக்கொள்ள வேண்டாம். உண்மையாக அளக்க வேண்டுமானால், நம்பிக்கையான ஒருவரிடம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, "நான் சொன்னது என்னன்னு ஒரே வரியில சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் சொல்லுகிற வரி புதன்கிழமை நீங்கள் எழுதின வாக்கியத்துக்குக் கிட்ட வந்தால் போதும். வரவில்லை என்றால் எந்த இடத்தில் தொலைந்தது என்று அன்றைக்கே தாளில் குறித்து, தேதி போட்டு எடுத்துவையுங்கள்.

இன்னொன்றும் நடக்கலாம். சரியாகச் செய்தும் நிலைமை மோசமாகலாம். மோசே பார்வோனிடம் போன முதல் நாளின் பலன், வைக்கோல் நிறுத்தப்பட்டு, செங்கல் கணக்கு மட்டும் குறையாமல் நின்றது. அவர் திரும்பிவந்து, ஏன் என்னை அனுப்பினீர் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கும் தேவன் கோபப்படவில்லை. 6:12இலும் 6:30இலும் மோசே தன் உதடுகளைப்பற்றிய பழைய குறையையே மறுபடி சொல்லுகிறார்; 7ஆம் அதிகாரத்தில் ஆரோன் மறுபடி பக்கத்தில் நிறுத்தப்படுகிறார், வேலை மறுபடி சொல்லப்படுகிறது. ஆகவே இரண்டாம் தடவை ஆயர் கேட்கும்போது வயிற்றில் அதே கலக்கம் வந்தால் அழைப்பு பொய் என்று முடிவுகட்ட வேண்டாம். முதல் தடவை நன்றாகப் போன தைரியத்தில் புதன்கிழமை வேலையை விட்டுவிடுகிறவர்களே இரண்டாம் பிரசங்கத்தில் அதிகம் தடுமாறுகிறார்கள். அல்மனாக்கைத் திறந்து, திங்கட்கிழமையிலிருந்து அதே வரிசையில் தொடங்குங்கள்.